உப்புக்குதிரை வந்த வாரம்

மே 10, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே டைப்ரைட்டர் சாவிகள் சுட்டன. இன்ஸ்டிடியூட் மாடியறைக்கு மேலே வெறும் தகரம். மத்தியான பேட்ச் வருமுன் கோணிச்சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிட்டது.

இன்று ஒருவரும் ஒழுங்காக அடிக்கவில்லை. தமிழ் லோயர் படிக்கிற பையன் ஒரு பக்கம் முழுக்க 'உப்புக்குதிரை உப்புக்குதிரை' என்றே அடித்து வைத்திருந்தான். திட்ட வாயெடுத்தேன். பிழையே இல்லை. விட்டுவிட்டேன்.

காரணம் கீழே இருக்கிற பத்திரிகைக் கடை. கடைக்கார மாடசாமி அண்ணாச்சி (இனி மா.அ.) மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டார்: 'உப்புக்குதிரை மூன்றாம் பாகம். புத்தகமாக. சனிக்கிழமை நம்ம ஊரில்.' அதற்குக் கீழே சாக்பீஸில் ஒரு குதிரை. நாய் மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கதை பாதியில் நின்று மூன்று வருஷம் ஆகிறது. மாதாமாதம் ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த கதை. தாழை என்கிற பெண், தம்பியைச் சிறை மீட்க உப்பால் ஆன குதிரையில் ஏறிக் கண்ணாடிக் கடலைத் தாண்டுகிறாள். பகலில் கடல் கண்ணாடியாக இறுகியிருக்கும், குதிரை ஓடலாம். பொழுது சாய்ந்தால் தண்ணீராகிவிடும். நடுக்கடலில் போகும்போது சூரியன் இறங்குகிறது. மந்திரவாதி கார்முகன் மேகங்களை அடைத்து வைத்த தோல்பையின் வாயை அவிழ்க்கிறான். தொடரும் என்று போட்டார்கள். அடுத்த மாதம் பத்திரிகையே நின்றுபோனது.

அன்றிலிருந்து இந்த ஊரில் ஆளுக்கொரு முடிவு. விசைத்தறி ஓட்டுகிற கோமதி (என்னோடு ஐந்தாவது வரை படித்தவள்) ஒரு முடிவு சொல்வாள், பூக்கடைக்காரம்மா ஒன்று. என்னிடமும் ஒன்று உண்டு. எழுத மாட்டேன்.

ஒரே ஒரு புத்தகக் கட்டுதான் நம்ம ஊருக்கு. எல்லோருக்கும் காணாது. அதனால் பள்ளிக்கூட மைதானத்தில் மைக் கட்டி உரக்க வாசிப்பது என்று மா.அ. தீர்மானித்திருக்கிறார். வாசிக்க யார்? சாயங்காலம் மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"டீச்சரம்மா, போன கிறிஸ்மஸுக்கு ஒங்க கோயில் பக்கமா போறேன், உள்ள நீங்க வாசிக்கது ரோட்டுல கேக்கு. நான் சைக்கிள விட்டு எறங்கி நின்னுட்டேன். அந்தக் குரல்தான் வேணும்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். படி இறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

மே 11, செவ்வாய்

கேட்டேன். கூடாது என்றார் அப்பா.

கேட்ட நேரம் சரியில்லை. தாலுகா ஆபீசிலிருந்து தலைவலியோடு வந்திருந்தார். காபி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருக்க முடியவில்லை.

அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. சபை மூப்பர், கோயிலில் வேதபாடம் வாசிக்கும்போது மட்டும்தான் குரல் உயரும். என்னைப் பத்து வயதில் முக்காலி போட்டு ஏற்றி வாசிக்கப் பழக்கியதும் அவர்தான். மெதுவாகத்தான் சொன்னார். "அந்தத் தொண்டை கர்த்தர் குடுத்தது. மந்திரவாதிக் கதைய மைக்குல படிக்கதுக்குக் குடுக்கல."

கதையில் மந்திரவாதி தோற்கத்தான் போகிறான் என்றேன். அது உனக்கெப்படித் தெரியும், புத்தகம்தான் இன்னும் வரவில்லையே என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அம்மாதான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள். திங்கட்கிழமை சாயர்புரத்திலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் பாங்கு வேலை. போட்டோவில் காது கொஞ்சம் பெரிது, மற்றபடி நல்ல முகம். நடு ஊரில் மைக்கில் கத்திய பெண் என்று அவர்கள் காதுக்குப் போனால்? எனக்கு இருபத்தைந்து முடிகிறது என்று அம்மா சொல்லவில்லை. காய் நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இரவு ரெண்டு தோசை. மூன்றாவது இறங்கவில்லை.

மா.அ.விடம் இன்னும் சொல்லவில்லை. பலகையில் குதிரையைத் திருத்தி வரைந்திருக்கிறார். இப்போது கழுதை.

மே 12, புதன்

காற்று இல்லை. மேற்கே மலைப்பக்கம் சாயங்காலம் கொஞ்சம் இருட்டியது, ஒன்றும் விழவில்லை.

ஊரில் நடப்பவை:
– பந்தல்காரர் மூங்கிலில் குதிரை கட்டுகிறார். ஆள் உயரம். தறிக்கூடத்து முதலாளி வெள்ளைக் காடாத் துணி கொடுத்திருக்கிறார்.
– காடா மேல் பசை தடவிக் கல்லுப்பு ஒட்டலாமா என்று ஒரு கட்சி, எறும்பு வருமா என்று ஒரு கட்சி. உப்புக்கு எறும்பு வராது என்று புரிய வைக்கவே ஒரு மணி நேரம்.
– தறிக்கூடத்தில் சனிக்கிழமை அரை நாள் லீவு. கேட்டு வாங்கியவள் கோமதி. முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் அழுததால்தான் கிடைத்தது என்று பேச்சு.
– சலூனில் நாற்காலி காலி, பெஞ்சு நிறைய ஆள். குதிரை கரையுமா கரையாதா.
– குருவிகுளத்திலிருந்து ஒரு வேனில் ஆள் வருகிறதாம்.

டைப் பேட்ச்சில் பெண்கள் அட்டையில் கிரீடம் வெட்டுகிறார்கள். கார்பன் பேப்பரில் மேகம்.

நான் வாசிக்கவில்லை என்று மா.அ.விடம் சொல்லிவிட்டேன். முகம் விழுந்துபோனது. ஆனாலும் வற்புறுத்தவில்லை. "சாருக்கு விருப்பம் இல்லேன்னா வேண்டாம் தாயி" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அரை மணியில் கோமதிக்குச் சேதி போய்விட்டது. ஷிஃப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. அடுப்படிக்குள் போய் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டாள். நான் முன்னறையில் காதைத் தீட்டிக்கொண்டு.

தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது, அதனால் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தக் கதையைச் சொல்வாளாம். முதல் ரெண்டு பாகமும் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடமே போகாத பெண்கள் பத்துப் பதினைந்து பேர், சோற்றை மென்றபடி கேட்டுக் கேட்டு, தாழையைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேசுகிறார்களாம். இதெல்லாம் எனக்கே தெரியாது. கடைசியாக அவள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவளுகளுக்குப் பொஸ்தகம் குடுத்தா என்ன செய்வாளுக, அத்த? யாராது வாசிச்சாத்தான் உண்டு. பியூலா வாசிச்சா கல்லுக்கும் கேக்கும்."

அம்மா எழுந்தாள். கோமதிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

மே 13, வியாழன்

காலையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிணற்றடியில் பேச்சு. குரல் தாழ்த்தி. வாளி வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலம்.

அப்பா ஆபீஸ் போகுமுன் போதகரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பினார். மந்திரவாதிக் கதையை ஒரு சபைப் பெண் பொதுவில் வாசிப்பது தகுமா என்று கேட்க. அவர் தகாது என்பார், விஷயம் முடியும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் திரும்பியவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அம்மாதான் விஷயத்தைப் பிடுங்கினாள். போதகர் வீட்டு முற்றத்தில் சணல் கட்டு. போதகரின் கடைசி மகன் உட்கார்ந்து குதிரைக்கு வால் பின்னிக்கொண்டிருந்தானாம். போதகர் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இவர் கேள்வியையே கேட்காமல் வந்துவிட்டார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் உள்ளே ஓடிவிட்டேன், சிரிப்பு தாங்காமல்.

பிறகு கூப்பிட்டார். "ஒரே ஒரு அதிகாரம். விளக்கு வைக்கதுக்கு முன்ன வீட்டுக்கு வந்துரணும். நானும் கூட வருவேன்."

"அத்தியாயம், அப்பா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

செருப்புகூடப் போடாமல் மா.அ. கடைக்கு ஓடினேன். தெருக்கல் காலைப் பொசுக்கியது பாதி வழியில்தான் தெரிந்தது. அவர் பத்திரிகைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆரஞ்சு.

மே 14, வெள்ளி

மோசமான நாள்.

கட்டு ரயிலில் வரவேண்டும். ஸ்டேஷனில் கூட்டம், ஏதோ மந்திரி வருகிற மாதிரி. பிள்ளைகள் பிளாட்பாரம் முழுக்க. ஸ்டேஷன் மாஸ்டர் விரட்டி விரட்டிக் களைத்து, தானும் வந்து நின்றுகொண்டார். வண்டி வந்தது. பார்சல் பெட்டியிலிருந்து வாழைத்தார் இறங்கியது, மோட்டார் ஒன்று இறங்கியது, கோழிக்கூடைகள் இறங்கின. கட்டு இல்லை.

வண்டி போன பிறகும் யாரும் அசையவில்லை. மா.அ. பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்து போய்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஊரெங்கும் வதந்தி. அச்சகத்தில் தீ. எழுதியவர் கடைசி அத்தியாயத்தை எழுதவேயில்லை. எழுதியவர் சாமியாராகிவிட்டார். புத்தகம் என்பதே பொய், மா.அ. கடைக்கு ஆள் சேர்க்கச் சொன்ன கதை. இந்தக் கடைசிப் பேச்சுத்தான் அவரைச் சுட்டது. தபாலாபீசில் மதுரைக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். லைன் கிடைக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் கூட உட்கார்ந்திருந்தோம். கோமதி சுண்டல் வாங்கி வந்தாள். யாரும் தின்னவில்லை, பிறகு அவளே தின்றாள்.

கடைசியில் லைன் கிடைத்தது. அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கட்டை ரயிலில் போடவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். நாளைக் காலை வரும். வந்தால்.

வீட்டில் அப்பா கேட்டார், என்ன ஆச்சு என்று. சொன்னேன். "வரும்" என்றார். நம்பிச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது.

மே 15, சனி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. அம்மா கேட்பதற்கெல்லாம் தலையாட்டுகிறேன்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை. வாசுதேவநல்லூர் வழியாக வந்த பஸ்ஸின் கூரைமேல் இருந்தது கட்டு. கண்டக்டர் ஏணியில் ஏறி, "மாடசாமி யாருவே, இதுக்கா இந்தக் கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே இறக்கினார். மா.அ. தோளில் வாங்கினார். கீழே வைக்க மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். சணலை அறுத்தபோது மை வாசனை. நீல அட்டை, வெள்ளைக் குதிரை, பின்னால் கறுத்த மேகம். பிள்ளைகளுக்கு முதலில் என்றார். தள்ளுமுள்ளில் ஒரு பையனின் கிரீடம் நசுங்கி, அழுது, புத்தகம் கையில் வந்ததும் சிரித்தான். வாங்கியவர்கள் சாயங்காலம் வரை கடைசிப் பக்கத்தைத் திறக்கக்கூடாது என்று மா.அ. சத்தியம் வாங்கினார். எத்தனை பேர் காப்பாற்றினார்களோ.

மத்தியானத்துக்கு மேல் ஊர்வலம். மூங்கில் குதிரையைக் கைவண்டியில் ஏற்றி, முன்னால் மேளம், பின்னால் பிள்ளைகள். உப்பு ஒட்டிய கட்சியே ஜெயித்திருந்தது. வெயிலில் கண் கூசியது. பூச்சந்தைப் பெண்கள் விற்காத பிச்சிப்பூவையெல்லாம் குதிரை கழுத்தில் போட்டார்கள். ரத வீதி திரும்பும்போது வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஒரு காது விழுந்தது. பந்தல்காரர் நடந்துகொண்டே கட்டினார்.

மைதானம். இவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை. தறிக்கூடத்துப் பெண்கள் முன்வரிசையில், தலை சீவி, நல்ல சேலை கட்டி. குருவிகுளம் வேன். ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், தலையில் துண்டோடு, மண்வெட்டியைக்கூட வைத்துவிட்டு வராமல். அப்பா வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்தி, அதன் சீட்டைப் பிடித்தபடி நின்றார்.

முதல் ரெண்டு பாகத்தையும் கோமதி சுருக்கிச் சொன்னாள். மைக்கைப் பார்த்துப் பயந்து கத்தித்தான் பேசினாள், தறிச் சத்தத்துக்குப் பழகிய குரல். ஒரு பெயர் தவறவில்லை. அப்புறம் நான்.

முதல் வரி வெளியே வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், "பைய, தாயி" என்றாள். வாசித்தேன். ரெண்டாவது பத்தியில் கூட்டம் மறந்துபோனது. மேகம் இறங்குகிறது, முதல் துளி குதிரையின் நெற்றியில் விழுகிறது, அங்கே சின்னதாக ஒரு குழி. முதல் அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேற்கே பொழுதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கையை லேசாக அசைத்தார். வாசி என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் இருந்தாலும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ரெண்டு. மூன்று. மூன்றாவதிலேயே குரல் கம்மத் தொடங்கியது. தண்ணீர் குடித்தேன். நாலாவதில் பாதி. தாழை குதிரையிடம் திரும்பிப் போய்விடலாம் என்கிறாள், குதிரை திரும்பவில்லை, முன்னங்கால் கரைந்து மண்டியிட்ட மாதிரி நீந்துகிறது. அந்த இடத்தில் என் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. இருமினேன். மறுபடியும் காற்று. மா.அ. பதறிப்போய்ச் சுக்குக்காபிக்கு ஆள் அனுப்பினார். கூட்டத்தில் ஒரு முனகல். கோமதி எழுந்தாள், உட்கார்ந்தாள். சொல்லத் தெரியும் அவளுக்கு. புது எழுத்தைப் பார்த்து வேகமாக வாசிக்க வராது.

அப்போது கூட்டம் வழி விட்டது. அப்பா வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மேடை ஏறினார். கண்ணாடியைத் துண்டால் துடைத்து மாட்டினார்.

"எந்த வரி?" என்றார்.

விரலால் காட்டினேன்.

வாசித்தார். கோயிலில் வாசிக்கிற அதே குரல். நிறுத்தி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைக்கிற மாதிரி. மைக் தேவையே இல்லை. கார்முகன் பேசுகிற இடம் வந்ததும் அவர் குரலை இறக்கினார். முன்னால் இருந்த பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். அதற்குள் ஒரு மந்திரவாதி இருந்தான் என்று எனக்குத் தெரியாது.

குதிரை கரைந்தது. ஊரே பயந்தது நடந்தது. கால், வயிறு, கழுத்து. கடைசியில் தாழையின் கைப்பிடியில் பிடரி மயிர் ஒரு கொத்து, அவ்வளவு உப்பு. அந்தக் கையைத் திறக்காமல், மேலே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கையால் நீந்திக் கரை ஏறுகிறாள். தம்பி கிடைக்கிறான். கார்முகன் தன் பைக்குள்ளேயே விழுகிறான். விடிந்ததும் வெயிலில் கையைத் திறக்கிறாள். உள்ளங்கை அளவு ஒரு குட்டி, நான்கு காலில் நிற்கிறது.

அப்பா கடைசி வரியை வாசித்துவிட்டு, பழக்கத்தில், "ஆமென்" என்றார்.

முன்வரிசையிலிருந்து யாரோ திருப்பிச் சொன்னார்கள். பிறகு எல்லோரும். சாமி கும்பிடுகிறவர்கள், பள்ளிவாசல்காரர்கள், எல்லோரும். அப்புறம்தான் கைதட்டல். மா.அ. அழுதார், வெளிப்படையாக, துண்டைத் தேடாமல்.

விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்பா சைக்கிளை உருட்டினார், நான் கூட நடந்தேன். தெருமுனையில், "அந்தப் பிள்ள கையத் தொறக்கலல்லா" என்றார். நான் தலையாட்டினேன். வேறு எதுவும் என்னால் முடியாது.

மே 16, ஞாயிறு

குரல் இன்னும் வரவில்லை. கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன்.

ஆராதனை முடிந்து படியில் ஒரு கமிட்டி மெம்பர் அப்பாவை நிறுத்தினார். மூப்பராக இருந்துகொண்டு பேய்க்கதைக்கு ஆமென் போட்டது பற்றி. அடுத்த கமிட்டியில் பேசுவோம் என்றார். அப்பா பேசலாம் என்றார். போதகர் தூரத்தில் நின்று தன் மகனின் சட்டை பட்டனைச் சரி செய்தபடி இருந்தார். கேட்டிருப்பார். கேட்காத மாதிரி இருந்தார்.

மூப்பர் பட்டம் அப்பாவுக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், தூங்கினார். நன்றாகத் தூங்கினார்.

ஊரில் ஒரே சண்டை. கையில் நின்ற குட்டி அதே குதிரையா, வேறயா? சலூன் ரெண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கோமதி சாயங்காலம் வந்து சொன்னாள், அவர்கள் தறிக்கூடத்தில் ஒருத்தி ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு வந்து, பாலைத் தயிராக்கிக் கொஞ்சம் எடுத்து வேறு பாலில் உறை குத்தினால் அது அதே தயிரா இல்லையா என்று கேட்டாளாம்.

கோமதி சொல்லிவந்த முடிவில் குதிரை பிழைத்துவிடும். வருத்தமா என்று சைகையில் கேட்டேன்.

"இல்லட்டி. நான் சும்மா காப்பாத்திட்டேன். எழுதுனவரு கரைய விட்டுல்லா காப்பாத்துதாரு" என்றாள்.

என் முடிவு எதுவென்று அவள் கேட்டாள். குரல் இல்லாதது வசதியாகப் போயிற்று.

மே 17, திங்கள்

அச்சுமுறுக்கு, அதிரசம். நீலச் சேலை. குரல் பாதி வந்திருக்கிறது, கரகரவென்று.

சாயர்புரத்தார் நாலு பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, சித்தப்பா, நடுவில் நின்று பேசி முடிக்கிற தரகர். காது போட்டோவில் இருக்கிற அளவுதான். முறுக்கை நொறுக்காமல் மெதுவாகத் தின்றார். பிடித்துத்தான் இருந்தது எனக்கு, அதை இங்கே எழுதலாம்.

என் குரல் ஏன் இப்படி என்று அவர் அம்மா கேட்டார். அம்மா ஜலதோஷம் என்றாள். தரகர் தரையைப் பார்த்தார். அவர் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வழியில் பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டோம், மைக்கில் ஏதோ மந்திரக் கதை வாசித்தது இந்தப் பெண்தானா என்றார்.

நான் வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்.

"அவ மட்டும் இல்ல. நானும்தான் வாசிச்சேன். முடிவு நான் வாசிச்சது."

மாப்பிள்ளை தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், ஏதோ கேட்கப் போனார், பக்கத்திலிருந்து அவர் அம்மாவின் பார்வை, வாயை மூடிக்கொண்டார். சேதி சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். பாதி அதிரசம் தட்டில்.

அம்மா பாத்திரங்களை எடுத்து வைத்தாள். எனக்கு அப்பாவிடம் என்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்னவென்று தெரியாமல் அவர் செருப்பை எடுத்து நேராக வைத்தேன்.

மே 18, செவ்வாய்

காற்று மாறிவிட்டது. மேற்கேயிருந்து குளுமை. இன்ஸ்டிடியூட்டில் சாக்கு கட்டவில்லை. பேட்ச் முழுக்க ஒழுங்காக அடித்தார்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு.

மத்தியானம் தரகர் வந்தார். பையனுக்கு இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று நினைக்கிறார்களாம். அப்படியென்றால் வேண்டாம் என்று. அம்மா அடுப்படியில் போய்க் கொஞ்சம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அழுகை வருமோ என்று பார்த்தேன். அந்த முறுக்கு தின்ற விதம் ஒருமுறை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். பிறகு அம்மா முகம் கழுவிவிட்டு, "அந்தம்மா கண்ணே சரியில்ல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். குரலோடு வந்தது சிரிப்பு. மூன்று நாளுக்கப்புறம்.

ஆபீஸ் விட்டு அப்பா வந்தபோது வாசலில் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். ராயகிரிக்காரர்கள். சனிக்கிழமை வந்தவர்கள், மற்றவர்கள் வயல் வேலையில் வரமுடியவில்லையாம். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோரும் கேட்கிறார்களாம், அந்தக் கதையை அங்கேயும் வந்து வாசிக்க முடியுமா. பெரியவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். "முத பாகத்துலேர்ந்து வேணும் சார். மகளும் நீங்களும் மாறி மாறி. மைக்கு நாங்க பாத்துக்கிடுதோம்."

தரகர் வந்துபோனதை அம்மா அப்பாவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. வாசலில் வைத்தே மெதுவாகச் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

அவர் ராயகிரிக்காரர்கள் பக்கம் திரும்பி, அங்கேயிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னார்கள். அது காணாது, முதல் பாகமே பெரிசு, தங்க இடம் இருக்குமா என்றார்.

அம்மா உள்ளே போய்க்கொண்டே, மூணு பேருக்கு வேணும் என்றாள்.